ஒரே கயிற்றில் நானூறு வாழைகள்

ஸ்ரீவைகுண்டம்,
ஆடி 9.

ஷார்ஜாவில் ஏசி அறைக்குள் சுகமாய் இருக்கும் மாமா செந்தூர்பாண்டி அவர்களுக்கு மருமகன் மணிராஜ் பணிவோடு எழுதுவது. அத்தை நலம். உங்கள் மகள் இசக்கிச்செல்விக்குக் கல்யாணச் சேலை எடுத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் போகிறது. உங்கள் வாழைகளைத் தவிர இங்கே எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறோம்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே கூப்பிடுவீர்கள். கடிதம் வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதற்குள் காற்று ஓய்ந்திருக்கும், நானும் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். தள்ளிப்போட இவ்வளவு மரியாதையான வழி வேறு இல்லை.

நடந்தது இது. சித்திரையில் வாழை விவசாயிகள் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். முதுகலை படித்திருக்கிறேன், கூட்டத்தில் தூங்குவதில்லை. இரண்டே தகுதி. தலைவன் என்றால் புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமலிருக்க எல்லோரும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கிறார்கள் அல்லவா, நான் எழுந்து, கம்பு ஒவ்வொரு வாழையையும் தனிமைப்படுத்துகிறது, கயிறு அவற்றைச் சமூகமாக்குகிறது, ஆகவே இனி கம்பு வேண்டாம், வாழைக்கு வாழை நைலான் கயிறு, அதுவும் நடுவில் வெட்டே இல்லாத ஒரே கயிறு என்றேன். கைதட்டினார்கள். எனக்கு எதிராக ஓட்டுப்போட்ட ஒரே ஆளான சுடலைவடிவு அக்கா மட்டும் தட்டவில்லை.

“சமூகம்லாம் சரிதான்யா. ஒருத்தி வழுக்கி விழுந்தா, எல்லாரும் அவ சேலையப் பிடிச்சிக்கிட்டே விழணுமோ?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் யார் தோட்டத்தில் கட்டிப் பார்ப்பது என்று கேள்வி வந்தது. உங்கள் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. துணிச்சலை அடுத்தவர் தோட்டத்தில் வைத்துக்கொள்வது சுலபம். அன்று இதை நான் கவனிக்கவில்லை.

கட்டினேன். நானூறு வாழை. கயிற்றின் நுனியைப் பிணைக்க உறுதியான ஒன்று வேண்டியிருந்தது. மேல வரப்பில் மாடன் குடியிருக்கும் வேம்பு. ஊருக்கு அது சாமி, எனக்கு அது மரம். மறுநாள் போனால் கயிற்றுக்குச் சந்தனம் பூசிப் பூ வைத்திருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மேற்கிலிருந்து காற்று இறங்கியது. கிழக்கே கடைசி வரிசையில் பன்னிரண்டு வாழைகளின் வேர் இளகிவிட்டது. சாய்ந்தன. ஆனால் விழவில்லை, கயிறு விடவில்லை. அவை பக்கத்து வரிசையை இழுக்க, அது அடுத்ததை இழுக்க, சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுவதும் கிழக்கே சாய்ந்துவிட்டது. ஒன்றுகூடத் தரையில் இல்லை. ஒன்றுகூட நேராகவும் இல்லை. குலை வாங்க வந்த மண்டிக்காரர் அசன் மைதீன் அண்ணாச்சி வரப்பில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏ தலைவரே, இது தோட்டமா, மாஞ்சோலை மலை பஸ்ஸா? வளைவுல திரும்புத மாதிரில்லா எல்லாம் ஒரே பக்கமா நிக்கு!”

“இது இடைக்கால நிலை அண்ணாச்சி.”

“இடைக்காலமோ, கடைசிக்காலமோ. பைய அரிவாள எடுத்து அந்தக் கடைசி வரிசைய மட்டும் அறுத்து விடும்வே. பன்னெண்டு போனா போவுது, மத்தது பிழைக்கும்.”

சரியான யோசனை. ஆனால் ஒரே கயிறு, எங்கே அறுத்தாலும் அது மாடன் கயிறு. கூப்பிட்ட எந்த ஆளும் அரிவாளைத் தொடவில்லை. அதையாவது நானே செய்துவிடலாம். இன்னொன்று இருக்கிறது. கல்யாண வாசலில் கட்ட வீடியோவில் நீங்கள் விரல் நீட்டித் தேர்ந்தெடுத்தீர்களே, அத்தை மஞ்சள் துணி சுற்றிவைத்த இரண்டு குலைவாழை. இரண்டும் அந்தப் பன்னிரண்டில்தான்.

மூன்று நாளாக உட்கார முடியவில்லை. தோட்டத்துக்குள் நடக்கிறேன், நானும் கொஞ்சம் சாய்ந்தே நடப்பதாக அத்தை சொல்கிறாள். அறுக்காமல் இருந்தால் அது விடாமுயற்சியா, பிடிவாதமா? அறுத்தால் துணிச்சலா, கைகழுவலா? புத்தகங்களில் வரும் தலைவர்களுக்கு இது சரியான நேரத்தில் தெரிந்துவிடுகிறது. எல்லாம் முடிந்தபின் எழுதுவதால் இருக்கலாம். கம்பு வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்னை இறக்குவதா, வைத்துக்கொள்வதா என்பதுதான் பேச்சு. இப்போது ஒரு கம்பு ஊன்றினாலும் என் தோல்விக்கு நானே நட்ட கொடிக்கம்பம் அது.

முடிவெடுத்துவிட்டேன் மாமா. நாளை விடிந்ததும் அறுக்கிறேன். வாசலுக்கு வேறு இரண்டு வாழை பார்க்கலாம். எதை விடுவது என்று தெரிந்தவனே தலைவன். இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள். வெயிலில் அலையாதீர்கள். ஆற்றங்கரைத் தெய்வங்கள் அத்தனையும் உங்களை நேராகவே நிறுத்தி வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்தில் துணிச்சலாக இருக்கும்
மருமகன் மணிராஜ்

பி.கு.: அறுக்கவில்லை.

அரிவாளோடு போனேன். மஞ்சள் துணியைப் பார்த்தேன். கை வரவில்லை. மாடனுக்கும் பயந்தேனா என்று கேட்காதீர்கள். நேரே சுடலைவடிவு அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் சவுக்குக் கம்பு அடுக்கியிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: “பன்னெண்டா வேணும் தலைவரே? பதினஞ்சா எடுத்துக்கிடும். நான் ஒண்ணும் பாக்கல.” எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் தனியாக முட்டுக் கொடுத்தேன். சாய்வு அங்கேயே நின்றது. உங்கள் இரண்டு வாழையும் பந்தல் வாசலில் கொஞ்சம் குனிந்து நிற்கும். வருகிறவர்களை வணங்குவதாக வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் அனுப்பாமல் பையிலேயே இருந்தது. இன்று ஞாயிறு. கூட்டத்தில் என்னை இறக்கும் பேச்சே எழவில்லை. நேற்று ராத்திரி மறுபடி அடித்த காற்றில் வெறும் கம்பு வைத்த தோட்டங்களில் பாதி ஒடிந்துவிட்டதாம், உங்கள் தோட்டத்தில் ஒன்றுகூட விழவில்லை. இனி எல்லாத் தோட்டத்துக்கும் கயிறுதான், எல்லா நுனியும் அதே வேம்பில்தான். கம்பும் வையுங்கள், கம்பும் வையுங்கள் என்று கத்திப் பார்த்தேன்.

“தலைவருக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படிவே?” என்றார், குலை விலை பேச வந்திருந்த அசன் மைதீன் அண்ணாச்சி.

கடைசி வரிசையில் திடீரென்று பன்னிரண்டு கம்பு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். நான் சுடலைவடிவு அக்காவைப் பார்த்தேன். அவர் வேம்பு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

நானும் கும்பிட்டேன் மாமா. கம்பு வைத்தது நான் என்று யாரிடமும் சொல்லவேண்டாம்.