செம்மண்டலத்து நேர மண்டலம்

செய்தி உலகில் நேர மண்டலங்களை வென்றவர்கள் வெளிநாட்டுச் சேனல்காரர்கள் என்று ஒரு வதந்தி உண்டு. உண்மையில் வென்றவன் நான். இடம்: கடலூர் செம்மண்டலம், பல் டாக்டருக்கு மேல்மாடி. ஆண்டு: 2012. பதவி: 'அலைகடல் டிவி'யின் செய்தி இயக்குநர்.

அவர்களுக்கு நேரத்தைச் சூரியன் பிரிக்கிறது. எங்களுக்கு மின்வெட்டு. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கடலூரில் கரண்ட் இருக்காது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை சிதம்பரத்தில் இருக்காது. எனவே கடலூரை 'வட மண்டலம்' என்றும் சிதம்பரத்தைத் 'தென் மண்டலம்' என்றும் அறிவித்து, என் தலைமையில் நானே கூடித் தீர்மானம் நிறைவேற்றினேன்.

மண்டலத்துக்கு ஒரு செய்தி வாசிப்பாளர் வேண்டும். இருந்தவர் கயல்விழி ஒருவர்தான். ஆகவே மண்டலத்துக்கு ஒரு புடவை.

எந்த ஊர் இருட்டில் கிடக்கிறதோ அந்த ஊர்ச் செய்தியே அப்போது 'சூடான செய்தி' என்பது என் கண்டுபிடிப்பு. ஜெனரேட்டர் உதவியுடன் கடலூர்ச் செய்தி காலை பத்துக்குப் போகும்.

"சார், கடலூர் சேதிய கடலூர்ல ஒருத்தரும் பாக்க முடியாதே?" என்றார் கயல்விழி.

"பக்கத்து ஊட்டு சேதின்னாதாம்மா சனங்க ஆசையா பாப்பாங்க," என்றேன். இப்படியெல்லாம் அப்போது எனக்குத் தோன்றியது.

ஒருநாள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தில்லையம்மாள் வந்தார். கையில் ஒரு போட்டோ.

"எங்கப்பா சார், சின்னையன். ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தேன், செம்மண்டலம் ஸ்டாப்புல காணாம பூட்டாரு. ஞாபகம் கெடையாது. சுகர் ஜாஸ்தி, மாத்திரை போடலன்னா வுழுந்துடுவாரு சார்."

காணாமல் போனது வட மண்டலத்தில். அட்டவணைப்படி காலை பத்து மணி. போட்டோவை வாங்கி அப்படியே கயல்விழியிடம் நீட்டினேன்.

மூன்று நாள் ஒளிபரப்பினோம். சிதம்பரமே திரண்டது. நாற்பத்தொரு போன். நான்கு வீதியிலும் தேடினார்கள். ஒரு பெரியவரைப் பிடித்துக்கூட வைத்தார்கள்; அவர் அந்த வீதிக்காரர்தான். நானோ இங்கே எங்கள் தெருமுனை டீக்கடையில் பெஞ்சை அடைத்து உட்கார்ந்திருந்த ஒருவரை, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க பெரியவரே," என்று நகர்த்திவிட்டு, இந்த 'மக்கள் எழுச்சி' பற்றி முதலாளிக்குப் போனில் விளக்கினேன்.

நான்காம் நாள் சிதம்பரத்துக்காரர் கதிர்வேல் வேறு வேலையாகச் செம்மண்டலத்தில் பஸ் இறங்கினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார். "இவருதான டிவியில வந்தவரு?" என்றார். அதற்குள் சின்னையன் பாதி மயக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், உயிருக்கு ஆபத்து இல்லை.

தில்லையம்மாள் மாடியேறி வந்தபோது, நன்றிப் பேட்டிக்காக நான் கேமராவை ஓடவிட்டுத் தயாராக இருந்தேன்.

"மூணு நாளா அந்த பெஞ்சிலதான் இருந்திருக்காரு," என்றார் அவர். "டீக்கடைக்காரரு பன்னு குடுத்து பாத்துக்கினாரு. அவரு கடையில டிவி இருக்குது, பத்து மணிக்கு கரண்ட்தான் இல்ல. நீங்களும் அங்கதான் டீ குடிப்பீங்களாம். போட்டோவ ஒங்க கையிலதான சார் குடுத்தேன். பாக்கவே இல்லையா?"

"எத்தினி மணிக்குப் போடறதுன்னு பாத்தேம்மா," என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கூசியது.

"சார், இந்தப் பேட்டிய எப்ப போடறது?" என்று கேட்டார் கயல்விழி.

என் அட்டவணையின் முழு மகிமையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பத்து மணிக்கே போடும்மா," என்றேன். "நம்ம ஊருல யாரும் பாக்க மாட்டாங்க."