அதே பெயரில் ஒரு மாட்டு டாக்டர்

"உனக்குத்தான் போன். பசு கன்னு போட முடியாம தவிக்குதாம்" என்று கணவர் கைப்பேசியை நீட்டினார்.

பேராசிரியை வாய் நிறையப் பற்பசை நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கா?"

"டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கன்றாங்க. நீ டாக்டர்தானே?"

"நான் கம்ப்யூட்டர் டாக்டருங்க!"

"அதையும் சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, சீக்கிரம் வரச் சொல்லுங்கன்றாங்க."

கல்லூரிக்குப் போனதும் விஷயம் விளங்கிவிட்டது. ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் இணையதளம், அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட ஒரு மாட்டு டாக்டரையும் அவரையும் ஒரே ஆளாக்கி, பேராசிரியையின் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தது. பல கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது நடுவில் ஒன்று படுத்துவிட்டால் மற்றவை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேராசிரியையின் வாழ்நாள் ஆராய்ச்சி. அதற்குக் கீழே இப்போது மடிநோயும் குளம்புப் புண்ணும் வரிசைகட்டி நின்றன. அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை இடத்தில் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண் கண்டபடி வீங்கியிருந்தது.

துறைத்தலைவர் கேக்கோடு வந்துவிட்டார். பதவி உயர்வுக் குழு அடுத்த வாரம் கூடவிருந்தது.

"சத்தமில்லாம சாதிச்சிட்டீங்களே மேடம்! இந்த எண்ணைக் காட்டினா குழு வாயே திறக்காது."

"சார், அதுல பாதி மாடு சார்."

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றபடி அவர் பெரிய துண்டாக வெட்டி நீட்டினார்.

பேராசிரியை கேக்கை அப்படியே மேசையில் வைத்தார். அன்றே இணையதளத்துக்கு எழுதினார்: 'நாங்கள் இரண்டு பேர். தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.' மறுநாள் பிரித்துவிட்டார்கள். எல்லாக் கட்டுரைகளும் மாட்டு டாக்டருக்குப் போயின. பேராசிரியையின் பக்கம் துடைத்துவைத்த பலகை மாதிரி இருந்தது.

துறைத்தலைவர் இம்முறை கேக் இல்லாமல் வந்தார். "என்ன மேடம், பூஜ்யம்னு காட்டுது?"

"நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்" என்று கணவர் களத்தில் குதித்தார். நீங்கள்தான் அசல் என்பதற்கு அடையாளமாக ஒரு புகைப்படம் கேட்டது இணையதளம். மனைவி அழகாகச் சிரித்திருந்த ஒரே படத்தை அனுப்பினார். விடுமுறைப் பயணத்தில் எடுத்தது. பதில் உடனே வந்தது: 'உறுதிசெய்யப்பட்டது. நீங்கள் கால்நடை மருத்துவர்.'

"அந்தப் படத்துல என் பக்கத்துல யாருங்க நின்னாங்க?"

கணவர் யோசித்தார். "ஒரு... பசு."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கண்ணும் கலங்கியது.

"எண்ணு போனா போகட்டும். மேற்கோள் காட்டினவங்க யாரும் முழுசாப் படிச்சதில்லைங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு சந்தேகம் கேட்டதில்லை."

"நான் படிச்சேனே?"

"முதல் பக்கத்துலயே தூங்கிட்டீங்க."

"நன்றியுரையில என் பேரு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தூங்கினேன்."

விடுமுறையன்று இருவரும் வண்டி எடுத்துக்கொண்டு நேரே மாட்டு டாக்டரின் மருத்துவமனைக்கே போனார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், யார் எவர் என்று கேட்காமல் ஒரு கன்றின் தலையைப் பேராசிரியையின் கையில் திணித்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று ஊசி போட்டார். கை கழுவும்போதுதான் பெயரைக் கேட்டார். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"நீங்கதானா அது! இந்த மெஷினுக்கு அறிவே இல்லம்மா. மாட்டையும் கம்ப்யூட்டரையும் ஒரே கயித்துல கட்டிடுச்சு. இருங்க, உங்களுதை இப்பவே விட்டுக் குடுத்துடறேன்."

ஈரக் கையோடு கணினியைத் தட்டினார். கட்டுரைகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. பேராசிரியை நன்றி சொல்லி எழுந்தார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றார் மாட்டு டாக்டர் தயங்கி. "ஒரு கணினி பதிலே சொல்லலைன்னா, அது செத்துடுச்சா, இல்ல மெதுவா வேலை செய்யுதான்னு மத்ததுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரைக்கும் முடிவாச் சொல்லலையே?"

"நீங்க... படிச்சீங்களா?"

"எல்லாத்தையும். எங்களுக்கும் இதே தொல்லைதான். மாடு படுத்துக்கிச்சுன்னா நோயா, சோம்பலான்னு தெரியாது."

பேராசிரியை கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தவர், வந்த காபி ஆறி ஆடை கட்டும்வரை நிறுத்தவில்லை. கன்றை இப்போது அவர் கணவர் பிடித்திருந்தார்.

மறுபடி காபி கொண்டுவந்த மாட்டு டாக்டரின் கணவர், மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"பாவம், மெஷின் மேல ஏன் பழி போடறே? 'இதெல்லாம் நீங்க எழுதினதா'ன்னு அது மரியாதையாத்தான் கேட்டுச்சு. 'எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்'னு சொல்லிக்கிட்டே ஒவ்வொண்ணுக்கும் 'ஆமா'வை அழுத்தினது நீதானே!"