பால்வண்ணநாதன் பனிமலைக்குக் கிளம்பிய வாரம்

"அத்தான், வாற வெள்ளிக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி காலையில நாங்க பதினோரு பேர் வந்துருதோம். சாரல் எப்படி இருக்கு?"

திருப்பூரிலிருந்து மைத்துனன் பிச்சைமணி போனில் இப்படிக் கேட்டபோது, பால்வண்ணநாதன் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பைக்குள் பத்து கிலோ அரிசி. செய்தியைக் கேட்டதும் நாற்காலி மேலேயே நின்றுவிட்டார்.

அதே வெள்ளிக்கிழமைதான் அவர் இமயமலைக்குக் கிளம்புகிற நாள்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து அவரும் இசக்கிமணியும் மசூதும் பேசிப் பேசித் தேய்ந்துபோன திட்டம் அது. மணாலிக்கு மேலே ஒரு கணவாய். ஒரு வாரம் முதுகில் பையோடு நடை, ராத்திரி கூடாரம். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மசூது இந்த வருஷம்தான் ஜூலையில் லீவு கிடைத்து ஊருக்கு வந்திருந்தான். மணாலியில் டென்சின் என்று ஒரு வழிகாட்டியையும் பிடித்தாயிற்று. சென்னை ஐ.டி. பையன்களை மலையேற்றி ஏற்றி, தமிழும் அரைகுறையாக ஏறியிருந்த மனிதர். அவர் குரலைப் போனில் கேட்டாலே பால்வண்ணநாதனுக்குக் குளிரும்.

மனைவி வேல்விழியும் சம்மதித்துவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"தாராளமா போயிட்டு வாங்க. ஆனா அந்த வாரம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரக்கூடாது. வந்தா நீங்களும் இங்கன நின்னு தோசை சுடணும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் அது வீடாக இருக்காது, வாடகை வாங்காத லாட்ஜாகிவிடும். அதற்குக் காரணம் பால்வண்ணநாதனின் நாக்கு. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அல்லவா, போனில் யாரோடு பேசினாலும் "வச்சிருதேன்" என்று சொல்ல வராது. "சீசனுக்கு வாங்க" என்றுதான் பேச்சை முடிப்பார். போன வருஷம் தப்பான நம்பருக்குப் போட்ட ஒரு திண்டுக்கல்காரரிடம் பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்லிவிட, அவர் நிஜமாகவே குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்.

இப்போது பிச்சைமணியைத் தடுத்தாக வேண்டும். பால்வண்ணநாதன் நாற்காலியில் நின்றபடியே, அருவியில் தண்ணீரே இல்லை, வெறும் பாறைதான் தெரிகிறது, ஒரு வாளி பிடிக்க அரைமணி நேரம் ஆகிறது என்று அளந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே சாரல் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பிச்சைமணி வருத்தப்பட்டுப் போனை வைத்தான். பத்து நிமிஷத்தில் உற்சாகமாகத் திரும்பக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்குப் பயந்துதான் இத்தனை வருஷமாகக் குற்றாலம் வராமல் இருந்தார்களாம். தண்ணீர் இல்லையென்றால் கூட்டமும் இருக்காது, அதனால் அவர்களும் வருகிறார்கள். இப்போது பதினாறு பேர்.

மறுநாள் பால்வண்ணநாதன் கதையை மாற்றினார். திடீரென்று மேலே நல்ல மழை, மெயின் அருவியில் வெள்ளம், அங்கே கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்றார்.

"அப்ப ரெண்டு நாள் பத்தாதே அத்தான். ஒரு வாரம் தங்கிருதோம். தடைய என்னைக்காவது எடுத்துதான ஆவணும்?"

இந்தச் செய்தியை பிச்சைமணியே அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். வேல்விழி இரண்டாவது தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்கி, கழுவி, கணவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவர் டென்சினுக்குப் போன் செய்து, இந்த வருஷம் மலை இல்லை, நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று தழுதழுத்த குரலில் சொன்னார். டென்சின்தான் அவரைத் தேற்றினார். "பரவாயில்லே சார், மலை எங்கே போகும்?" என்றார். பால்வண்ணநாதனும் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசி, வழக்கப்படி முடித்து வைத்தார்.

ராத்திரி இசக்கிமணியும் மசூதும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மசூது, பனிக்கென்று வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தான். இனிமேல் அதை எங்கே போடுவது என்பது அவன் கவலை.

இசக்கிமணிக்குத்தான் யோசனை உதித்தது. "வே, நீரு மட்டும் போறேன்னு சொன்னாத்தான பிரச்சனை. குடும்பத்தோட போறோம், வீடு பூட்டிக் கெடக்கும்னு சொல்லும். எவன் வருவான்?"

பால்வண்ணநாதன் உடனே மைத்துனனைக் கூப்பிட்டு அப்படியே ஒப்பித்தார். பிச்சைமணிக்குப் பரம சந்தோஷம். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், நாங்களே சமைத்துக்கொள்கிறோம், அக்காவைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை என்றான். பிறகு, "அக்காவா பனிமலைக்கு வருதா? போனக் குடுங்க" என்றான்.

வேல்விழி பக்கத்திலேயே நின்றிருந்தாள். போனை வாங்கினாள். கணவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"ஆமாலே, நானுந்தான் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கூடத்தில் நின்ற மூன்று ஆண்கள் பக்கமும் திரும்பினாள்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து சாரல் அடிச்சா நான் மாவுதான் ஆட்டுதேன். அருவிச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குது. ஒரு சீசன்லயாவது நான் போயி நனைஞ்சிருக்கேனா? ஊருக்கே வாங்க வாங்கன்னு சொல்லுதிய. என்னைய ஒரு தடவ வான்னு சொன்னியளா?"

பால்வண்ணநாதனுக்குத் தலை குனிந்துவிட்டது. நண்பர்களோடு தனியாகப் போகிற கனவு போயிற்றே என்று அரை நிமிஷம் நினைத்தார். அப்புறம், கணவாயின் உச்சியில் வேல்விழி பனியைக் கையில் அள்ளுவதை நினைத்துப் பார்த்தார். இந்தக் கனவு அதைவிட நன்றாக இருந்தது. "வா" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். தோசைக்கல் மறுபடி பரணுக்குப் போகிற சத்தம் கேட்டது.

மறுநாளே மசூதின் மனைவி ஷமீம் பானுவும் சேர்ந்துகொண்டாள். இசக்கிமணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் குறை அவனுக்கு முதல் தடவையாக உறைத்தது.

டென்சினுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. போன் செய்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தது. மலை மறுபடி உண்டு, மூன்று பேர் இல்லை, ஐந்து பேர் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே ஒற்றை டிக்.

"பனிக்குள்ள ஏது வே டவரு? எறங்குனதும் பாத்துக்கிடுவான்" என்றான் இசக்கிமணி. பனியை அவன் பிரிட்ஜைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் உறுதியாகச் சொன்னதால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் தரையில் கால் பாவவில்லை. தினமும் விடியற்காலையில் ஐந்து பேரும் பண்பொழி திருமலைக்கோயில் படிகளில் பையோடு ஏறினார்கள். ஷமீம் பானு பாதியிலேயே உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஊக்கம் கொடுத்தாள். வேல்விழி எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய்விட்டு, கணவரின் பையை வாங்க நாலு படி கீழே இறங்கி வந்தாள். அரிசி மூட்டையோடு ஏறுகிறவர்களைப் பார்த்த ஒரு பெரியவர் அது அன்னதானத்துக்கான நேர்த்திக்கடன் என்று எண்ணி, மேலே பாத்திரத்தோடு காத்திருந்து வாங்கிக்கொண்டார். சாமி காரியம், இல்லையென்று எப்படிச் சொல்வது? பால்வண்ணநாதன் தினமும் புது அரிசி கட்டினார்.

ராத்திரிகளில் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு எல்லாம் பைக்குள் போயின. மாற்றுத்துணிக்கு இடமில்லை. வேல்விழி புது ஷூவைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிச்சைமணி பட்டாளம் வந்து இறங்கியது. சாவி கை மாறியது. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். வாசலில் மதுரை விமான நிலையத்துக்கு வேன் தயார். பைகளை மேலே கட்டியாயிற்று. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த வேல்விழி, பத்து வயசு குறைந்தவளாகத் தெரிந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று பால்வண்ணநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது.

டிரைவர் சாவியைத் திருகிய நேரத்தில், வேனுக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து குறுக்கே நின்றது.

அதிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் இறங்கினார். பின்னாலேயே ஸ்வெட்டர் போட்ட மனைவி, கழுத்தில் குற்றாலத் துண்டு சுற்றிய இரண்டு பிள்ளைகள், கையில் எண்ணெய் பாட்டிலோடு ஒரு வயதான அம்மா. எல்லோரும் வேனைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார்கள்.

ஆட்டோக்காரர் பேச்சிமுத்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, பொதிகை ரயில்ல வந்து எறங்கி ஒங்க வீட்டக் கேட்டாவ. பேரு டென்சினாம், மணாலியாம், போனு கெட்டுக் கெடக்காம். நீங்க மலைக்கு வரலைன்னு சொல்லிட்டதால ஒரு வாரம் சும்மா கெடக்காம, நீங்க கூப்பிட்டபடியே சீசனுக்கு வந்துட்டாவளாம்."