வாங்க என்றார்கள், வண்டியை விட்டேன்

ஓடுகிற மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டுவார்கள். "நல்ல வேகத்துல வந்தேன், குறுக்கால நாய் வந்துருச்சு" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். என்னிடம் அப்படி ஒரு தழும்பும் கிடையாது. நான் விழுந்தது நின்றுவிட்ட வண்டியிலிருந்து. அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் வீட்டார் மொத்தப் பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது. வண்டி, புல்லட். (மற்ற வண்டிகள் கீழே விழும். புல்லட் மட்டும் படுக்கும். படுத்தால் லேசில் எழுந்திருக்காது.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கூத்து இது. அப்போது நான் கணபதியில் பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு மொபெட். மழை வந்தால் அதை அப்படியே தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவேன். ஆள் அன்றைக்கு எப்படி இருப்பேன் என்றால், காற்று பலமாக அடித்தால் அம்மா என்னை வெளியே போக வேண்டாம் என்பார். அப்படிப்பட்டவனுக்குத்தான் சுகந்தியைக் கட்டிக்கொள்ள ஆசை வந்தது.

அவளை நான் பார்த்தது சென்னிமலையில், கூட வேலை செய்தவரின் கல்யாணத்தில். மண்டபத்து வாசலில் ஒரு வேன் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் சிக்கிக்கொண்டு நின்றது. பத்துப் பேர் பத்து விதமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் வந்து, "எல்லாரும் சித்த சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, "ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதுங்க, நேரா உடுங்க" என்று டிரைவரை வெளியே எடுத்துவிட்டாள். வேன் போய்விட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது சாம்பார் ஊற்றும்போதுதான் உறைத்தது.)

விசாரித்ததில் பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் மகள் என்று தெரிந்தது. வீட்டில் சொன்னேன். ஜாதகமும் பொருந்தியது. ஆனால் தரகர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் அடுத்த வாரம் அதே பெண்ணைப் பார்க்க வருகிறாராம், சொந்தக் காரில். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியப்பா மகன் நாச்சிமுத்து அண்ணன்தான் வழி சொன்னார். அவரிடம் புல்லட் இருந்தது. வருஷா வருஷம் அதில் மூணாறு, மைசூர் என்று பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"பொண்ணோட அப்பாவும் புல்லட்டுதான் வெச்சிருக்காராமா. நீ என்ற வண்டில போய் எறங்கு. மொபெட்டுல போனீன்னா முட்டை வாங்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே அண்ணா."

"நான் எதுக்கு இருக்கறேன்?"

மறுநாள் காலை ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பாடம் நடந்தது. கிளப்புவதற்குக் கிக்கரை மெல்ல மிதித்து மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஓங்கி உதைக்க வேண்டும். அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மனதுக்குள் "வலது கியரு, இடது பிரேக்கு" என்று ஜபித்துக்கொண்டே நேராகப் போனேன். அண்ணனே கை தட்டினார். ஆனால் ஒவ்வொரு தடவை நான் நிறுத்தும்போதும் அவர் ஓடிவந்து கேரியரைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திக் கால் ஊன்றுவது எப்படி என்று கேட்டதற்கு, "அதை அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல போகப் பழகு" என்றார். பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. அந்த 'அப்பறம்' வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, தரகர் மூவரும் வாடகை அம்பாசடரில் முன்னால் போய்விட்டார்கள். நான் பின்னால் புல்லட்டில். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி அணைந்துபோனது. உதைத்தேன். அது திருப்பி உதைத்தது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து, கோபமே இல்லாமல், "ஏனுங்க தம்பி, எங்க போகோணும்?" என்றார்.

"பல்லடங்க."

"பின்னால பல்லடம் பஸ்ஸு வருதுங்க. ஓரமா நிறுத்திப்போட்டு அதுல ஏறிக்கறீங்களா?"

எங்கள் ஊரில் அவமானப்படுத்துவதைக்கூட இவ்வளவு மரியாதையாகத்தான் செய்வார்கள். எப்படியோ வண்டி பிடித்துக்கொண்டது. சூலூர் தாண்டியதும் எனக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது. பனியன் கம்பெனிக்காரர் கார் வாங்கிய பாவத்துக்கு மனதுக்குள் வருத்தம்கூடத் தெரிவித்துக்கொண்டேன்.

பெண் வீட்டு வாசல் அகலமான மண் வாசல். வலது பக்கம் சுவரோரமாக, சந்தைக்குப் போக வேண்டிய முட்டைகள் அட்டை அட்டையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டார் முன்னமே வந்து, பெண்ணின் அப்பாவோடு படியில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தைகளும் மாமாக்களுமாக ஒரு கூட்டம். நான் கிளட்சைப் பிடித்து, இடது காலால் பிரேக் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தினேன். இரண்டு கால் விரல்களும் பூமியைத் தொட்டன. கியர் விழுந்தபடியே இருந்தது. கிளட்ச் இடது கை இறுக்கத்தில் இருந்தது.

அப்போது பெண்ணின் அப்பா இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க தம்பி, வாங்க" என்றார்.

கொங்கு நாட்டில் இந்த 'வாங்க' சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் தனித்தனியாகச் சொல்வார்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். விட்டுப்போனால் தீர்ந்தது. "நான் வாங்கன்னேன், மொகத்தைத் திருப்பிக்கிட்டான்" என்று பேரன் பேத்தி எடுக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதிலும் பெரியவர் ஒருவர் இரு கை கூப்பும்போது நாம் தலையை மட்டும் ஆட்டினால் அது என்ன வளர்ப்பு?

நான் நல்ல வளர்ப்பு. இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டேன்.

கிளட்ச் கையிலிருந்து விடுபட்டதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, அணைந்து, இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது. எருமை படுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே நிதானம். நானும் கூடவே போனேன். வண்டியின் முன்னால் கால் பக்கம் இருந்த தடுப்புக் கம்பி தாங்கிக்கொண்டதால் கால் தப்பித்தது. கூப்பிய கையை மட்டும் நான் பிரிக்கவேயில்லை என்று பிறகு எல்லோரும் சாட்சி சொன்னார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை, இன்னும் சிலர் வாங்க சொல்லாமல் பாக்கி இருந்தார்கள். ஓர் அத்தை குனிந்து என் முகத்தைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார். நான் மண்ணில் கிடந்தபடி, "வந்தேனுங்க" என்றேன். மாமா ஒருவர், "வண்டி சித்த வெயிட்டுங்களா?" என்று விசாரித்தார்.

கைகொடுக்க வந்தவர்களை எல்லாம், "இருங்க, இருங்க, நானே எடுத்துக்கறேன்" என்று தடுத்துவிட்டு எழுந்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழு. வண்டி எழுந்தது. எழுந்த வேகத்தில் நேராக நிற்காமல் வலது பக்கம் போனது. அங்கே முட்டை அட்டைகள்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் கரு வாசல் முழுக்க ஓடியது. கோவையிலிருந்து வந்த சைலன்சர் நல்ல சூட்டில் இருந்ததால் கொஞ்ச நேரத்தில் அருமையான ஆம்லெட் வாசனை கிளம்பியது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தரகர் வேறு யாரோடோ வந்தவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சுகந்தி இனி திருப்பூருக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மறைத்து, அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. காபித் தட்டோடு கூப்பிட்ட பிறகு வர வேண்டியவள், தட்டும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"ஏனுங்க, கைய எடுங்க. இப்படித் தூக்குனா இடுப்பு போயிரும்" என்றாள். "மொதல்ல சாவிய அணைங்க. பெட்ரோல் டேப்ப மூடுங்க. சைடு ஸ்டாண்ட இப்பவே எடுத்து உடுங்க, அப்பத்தான் மறுபடி அந்தப்பக்கம் போகாது. கியருல கெடக்குதா? கெடக்கட்டும், உருளாது. இப்பத் திரும்பி நில்லுங்க."

"எந்தப் பக்கமுங்க?"

"வண்டிக்கு முதுகக் காட்டி. சீட்டுல இடுப்ப அண்டக் குடுங்க. ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை கேரியர்ல. கையால தூக்காதீங்க, கால ஊனிப் பின்னால நடங்க."

நடந்தேன். என்ன சொல்ல, அந்த மலை எழுந்து, ஸ்டாண்டில் போய் அமைதியாக நின்றது. பம்ப் செட் கணக்கு எழுதும் கையால் அதை நான் தூக்கியிருந்தேன். அடைந்த வெட்கமெல்லாம் ஒரு நொடி மறந்து, பரீட்சையில் பாஸான மாதிரி அவளைப் பார்த்தேன்.

"நானும் கீழ போட்டிருக்கறேனுங்க," என்றாள் சுகந்தி மெதுவாக. "எங்கப்பாவும்தான்."

அவள் அப்பா சட்டென்று கோழிக் கூண்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே காபி வந்தது. பெண்ணின் அப்பாதான் முதலில் கேட்டார்.

"தம்பி, வண்டி உங்களுதுங்களா?"

தரகர் என் தொடையைக் கிள்ளினார். நான், "இல்லீங்க, எங்க அண்ணனுதுங்க. நான் மொபெட்டுதான் ஓட்றேனுங்க" என்றேன்.

"நல்லாத்தான் கொண்டாந்து நிறுத்துனீங்க. அப்பறம் எதுக்குங்க கைய உட்டீங்க?"

"நீங்க ரெண்டு கையும் கூப்புனீங்களே. நான் எப்படிங்க சும்மா உக்காந்திருக்கறது?"

அவர் என் அப்பாவிடம் திரும்பி, "வண்டிய உட்டாலும் மரியாதைய உடல பாருங்க. என்ற பொண்ண இவரு கை உட மாட்டாருங்க" என்றார். சமையலறைப் பக்கம் பார்த்து, "என்ன அம்மணி?" என்று மகளைக் கேட்டார். உள்ளேயிருந்து, "கல்யாணத்துக்கப்பறம் நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று பதில் வந்தது. பனியன் கம்பெனிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கே ஆள் போய்விட்டது.

சொன்னபடியே சொல்லிக் கொடுத்தாள். பண்ணையில் இரண்டு கொட்டகைக்கு நடுவே இருந்த பாதைதான் பள்ளிக்கூடம். அங்கேயும் வண்டியைக் கீழே போட்டேன், எத்தனை தடவை என்று கோழிகளுக்குத்தான் தெரியும். ஒருநாள், "ஏனுங்க, உளுந்துருவோம்னு எந்த எடத்தப் பாக்கறீங்களோ அங்கயேதான் உளுகறீங்க. போற எடத்தப் பாருங்க" என்றாள். அன்றிலிருந்து வண்டி என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. நாச்சிமுத்து அண்ணனே பிற்பாடு அந்தப் புல்லட்டை எங்களுக்குத் தந்துவிட்டார். (மழை பெய்தால் முட்டை வாசம் வருகிறது என்றார். எனக்கு வரவில்லை.) வால்பாறை வளைவுகளில், முதுகில் அவள் கையோடு ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஒழுங்காக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, கம்பீரமாக இறங்கியிருந்தால், காபி குடித்துவிட்டு வந்த இன்னொரு மாப்பிள்ளையாகத்தான் போயிருப்பேன். கீழே போட்டதற்காக அந்த வண்டிக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

ஆனால் பல்லடத்தில் அதன்பிறகு ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. எங்கள் மாமனார் குடும்பத்தில், வண்டியில் வருகிறவர் ஸ்டாண்ட் போடும்வரை யாரும் வாங்க சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க மாப்பிள்ளைப் பையன் அங்கே வந்தார். பெரிய பைக், தலைக்கவசம், கையுறை. வாசலில் கூட்டமாக நின்ற நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு முகத்திலும் அசைவில்லை. வாங்க சொல்லாத வீட்டில் அவர் என்ன நினைப்பார்? எந்தச் சொந்தக்காரர் என்ன போட்டுக் கொடுத்தாரோ என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டியைத் திருப்பிப் போய்விடலாமா என்றுகூடப் பின்னால் பார்த்தார். நான் பரிதாபப்பட்டு வாயைத் திறந்தேன். சுகந்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எண்பதைத் தாண்டிய மாமனார் நாற்காலியிலிருந்து எட்டி, வண்டியின் அடிப்பாகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டாருங்களா?" என்று கேட்டார்.

"போட்டுட்டாருங்கப்பா" என்றாள் சுகந்தி.

அதற்குப் பிறகுதான் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கூப்பினார். "வாங்க மாப்ள" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னதில், பாவம், பையன் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டார். வண்டி மட்டும் அசையாமல் நின்றது.