கேபிளுக்கு வைத்த பொட்டு

பெண் பார்க்கப் போகிறவன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். நான் கையில் கேபிளோடு போனேன்.

எண்பதுகளின் கடைசி அது. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த நான், பினாங்கில் சில மாதம் கணினி படித்திருந்தேன் (பாதி வகுப்பு தூக்கம், குளிர்சாதனம் அப்படி). கல்யாணத் தரகர் அதை ஊதி ஊதி, கணினியே என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் என்கிற அளவுக்கு அளந்துவிட்டார்.

பெண் வீடு அலோர் ஸ்டார் மெர்கோங்கில். பெண்ணின் அப்பா வீட்டிலேயே அச்சு வேலை செய்துகொடுப்பவர். பின்னறைக் கணினியில் மகள் விமலா தட்டச்சு செய்வாள். அதை டிஸ்கில் போட்டு, பிரிண்டர் இருக்கும் முன்னறைக் கணினிக்குக் கொண்டுவருவாள். "தம்பி, வரும்போது ரெண்டையும் இணைச்சுக் குடுத்துடுங்க லா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இணைத்தால்தான் பெண் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

போனதும் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "புதுசா ஒரு வேல ஆரம்பிக்கிறோம். ஒரு பொட்டு வச்சிடுங்க தம்பி."

தோட்டத்தில் ஆயுத பூஜையன்று பால்வெட்டுக் கத்தி, சைக்கிள், லோரி எதுவும் எங்களிடம் தப்பாது. அந்தப் பழக்கத்தில் திரைக்கு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன். மிச்சம் கேபிள். அதற்கு முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வரிசைத் துளைகளோடு இருந்த முனைதான் முகம் என்று பட்டது. இரண்டு முனையிலும் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். என் பக்தியைப் பார்த்து, கூட வந்திருந்த என் அம்மா பூரித்துப் போனார்.

கேபிளைச் செருகினேன். இணைப்பு இல்லை என்றது திரை.

"இப்ப வருதா?" என்று முன்னறையிலிருந்து கத்தினேன்.

"வரலங்க" என்றது பின்னறையிலிருந்து விமலாவின் குரல்.

தகவல் போகும் வேகத்தை மாற்றினேன். "இப்ப?"

"வரலங்க."

உறவினர் அத்தனை பேரும் கேட்க, நானும் அவளும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான். அணைத்துப் போட்டேன். புரோகிராமை மறுபடி ஏற்றினேன். கேபிளை நடுவில் வெட்டி, ஒட்டவைத்தேன் (எதற்கு என்று கேட்காதீர்கள், வெட்டினால் வேலை தெரிந்தவன் மாதிரி இருக்கும்). கேசரி தீர்ந்தது. அவளுடைய சித்தப்பா, "டிவி ஆன்டெனாவக் கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்" என்றார். அதையும் திருப்பிப் பார்த்தேன்.

கடைசியில் வாயைத் திறந்தேன். "மாமா, கேபிள் நல்லாதான் இருக்கு. உங்க கம்ப்யூட்டர்தான் ரோசாக்."

தன் கணினி பழுது என்றதும் அவர் முகம் சுருங்கியது. "வாங்குன நாள்லேருந்து ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லையே லா" என்றார், என்னைப் பார்க்காமல். அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சம்பந்தம் போய்விட்டது என்று தெரிந்தது. அத்தனை தடவை "வரலங்க" சொல்லியும் சலிக்காத அந்தக் குரல் எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அழுகை வரும்போல இருந்தது.

அப்போது விமலா கேபிளின் மறுமுனையைப் பிடித்தபடி வெளியே வந்தாள். "அப்பா, இந்த ஓட்டையில எல்லாம் மஞ்சளா ஏதோ அடைச்சிருக்கு. சந்தனம் மாதிரி இருக்கு."

எல்லோரும் என் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகச் சுரண்டினாள். தலை குனிந்திருந்தாலும் தோள் குலுங்கியது. நான் என் பக்கத்து முனையைத் துடைத்தேன். மறுபடி செருகினோம். கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து, "வந்திடுச்சிங்க!" என்று சத்தம். பிரிண்டர் கிர்ரென்று அடிக்க ஆரம்பித்தது.

அவள் அப்பா பிரிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் அம்மாவிடம் திரும்பினார். "பையன் நல்ல பையன்தாம்மா. ஆனா தனியா விட்டா ஆபத்து. சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணிடுவோம்."

இன்றும் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணம் விமலாவின் கையில்தான். எனக்கு மணியடிக்கும் வேலை. அதையும் இன்டர்நெட் பெட்டியைவிட்டு நாலடி தள்ளி நின்று அடிக்கச் சொல்கிறார்கள் பிள்ளைகள்.