மாப்பிள்ளையின் வாய்க்கம்பி

மாப்பிள்ளை மறுபடியும் நாக்கை வெளியே தொங்கப்போட்டுவிட்டது. அதுவும் பயிற்சியாளர் கண்ணெதிரே.

மாப்பிள்ளை என்பது குதிரை. தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் லாயத்தில் எல்லாரும் வைத்த பட்டப்பெயர் அது. மேலே உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர். காலையில் குதிரை, மற்ற நேரமெல்லாம் கிளினிக். அவர் பழகுவது டிரெஸ்ஸாஜ். ஓட்டமில்லை, தாண்டலில்லை, குதிரை அடி பிசகாமல், வாயை மூடிக்கொண்டு, நாட்டியம்போல நடந்து காட்ட வேண்டும். வாயை மூடிக்கொள்வதில்தான் மாப்பிள்ளைக்குச் சிக்கல்.

"போன வருஷம் நடுவருக்கே நாக்கைக் காட்டுனான்," என்றார் பயிற்சியாளர். "இந்தத் தடவையும் காட்டுனா அணியில உங்களுக்கு இடம் கிடையாது டாக்டர். சொல்லிட்டேன்."

"கடிவாளத்துல வாய்க்குள்ள போற கம்பி சரியில்ல, அவ்வளவுதான். வாய் விஷயத்தை என்கிட்ட விடுங்க சார்!"

அணியில் இடம் கிடைத்துவிட்டதாகக் கிளினிக்கில் ஊசி போடும் இடைவெளியில் எல்லாம் அளந்துவிட்டிருந்தார் டாக்டர். இனி பின்வாங்கினால் மானம் போகும்.

குதிரைச் சாமான் கடைக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தவர் டாக்டரின் மாமனார். ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மருமகள் வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் ஒழித்துக்கட்டிய நாளிலிருந்து, நடைப்பயிற்சி என்று சொல்லித் துணிப்பையும் கையுமாக லாயத்துக்கு வந்துவிடுவார். கடிவாளம் மாட்டுவது அவர் வேலை.

டாக்டர் கம்பியைக் கிளினிக்கில் இடுக்கிகளை வேகவைக்கும் பெட்டியில் போட்டு எடுத்துக் கொடுத்தார். மாமனார் லாயத்துக்குள் போய் மாட்டிவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்தபடி வெளியே வந்தார்.

அடடா! மாப்பிள்ளை உதடு பிரிக்காமல் நடந்தது. கழுத்து வளைந்தது, கால் மிதந்தது.

"பார்த்தீங்களா மாமா? நடுவுல ஒரு மூட்டு. நாக்கை அழுத்தாது. அறிவியல்!"

"அறிவுன்னா நீதாம்மா."

மறுநாள் அதே கம்பி, அதே குதிரை. களத்துக்குள் நுழைந்ததும் நாக்கு முழ நீளத்துக்கு வெளியே வந்தது.

"வேற மாத்திப் பாரும்மா," என்றார் மாமனார் உடனே. "நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அடுத்து வந்தது இரண்டு மூட்டுக் கம்பி. முதல் நாள் அமிர்தம். மறுநாள் நாக்கோடு தலையாட்டலும் சேர்ந்துகொண்டது. ரப்பர் கம்பி வந்தது. முதல் நாள் தங்கக் கட்டி. மறுநாள் அதை மென்று கூழாக்கிப் பயிற்சியாளர் காலடியில் துப்பியது. செம்புக் கம்பி வந்தபோது டாக்டர் பயிற்சியாளரிடமே சவால் விட்டார். மறுநாள் கம்பியை மாட்டப் போனால் மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை. டாக்டர் கொஞ்சினார், கெஞ்சினார், கடைசியில் பழக்கதோஷத்தில் "ஆ காட்டுங்க" என்றார். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேற மாத்திப் பாரும்மா," என்றார் மாமனார்.

"கடையில இருக்கறதெல்லாம் பொதுவான வாய்க்குச் செஞ்சது மாமா. இவனுக்கு அளவெடுத்துத்தான் செய்யணும்!"

கிளினிக்கிலிருந்து பல் அளவெடுக்கும் பசை ஒரு வாளி வந்தது. புதினா வாசனை. மாப்பிள்ளை அதை ஆசையாக வாங்கிப் பாதியை விழுங்கியது. மீதி பல்லில் இறுகிவிட்டது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் டாக்டரின் கோட்டு, கண்ணாடி, தலைமுடி எல்லாம் பச்சை. ஆனாலும் அவர் முகத்தில் வெற்றிக்களை. அளவு கிடைத்துவிட்டதே!

அளவெடுத்துச் செய்த கம்பி போட்டிக்கு முந்தின மாலைதான் சாமான் கடையிலிருந்து வந்தது. ஒத்திகைக்கு நேரமில்லை. ஆனாலும் டாக்டர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

போட்டிக் களத்தில் மாப்பிள்ளை தவம் செய்யும் முனிவர்போல வாயை மூடிக்கொண்டது. ஒரு அடி பிசகவில்லை. நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். டாக்டருக்குக் கண் கலங்கியேவிட்டது. இறங்கிக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

பயிற்சியாளர் கைகொடுத்தார். "இடம் உறுதி டாக்டர். அடுத்தது பெரிய போட்டி. மூணு நாள் தொடர்ந்து ஆடணும். இதே மாதிரி இருக்கணும்."

"மூணு நாள் என்ன சார், முப்பது நாள் ஆடுவான்! வாய் என்னன்னு தெரிஞ்சு கம்பியைத் தேர்ந்தெடுக்கணும். அதான் விஷயம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமான் கடைக்காரர் வந்தார். "வாழ்த்துகள் டாக்டரம்மா! பெரியவரே, தேன் மிச்சமிருக்கா?"

மாமனார் துணிப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன தேன்?" என்றார் டாக்டர்.

"புதுக் கம்பின்னா முதல் நாள் தேன் தடவித்தாங்க மாட்டணும், இரும்பு வாசம் தெரியாம இருக்கும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பெரியவர் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பாட்டில் தவறாம வாங்கிடுவாரே!"

"மாமா!"

"முதல் நாள் மட்டும்தாம்மா," என்றார் மாமனார் தரையைப் பார்த்து. "அவனுக்குக் கம்பி நிறைய. எனக்கு ஒரே ஒரு விரல்."

டாக்டர் குதிரையின் வாயைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மறுநாள் நாக்கை நீட்டுனது..."

"தேனைக் காணோமேன்னு நீட்டியிருப்பான், நீங்க உடனே புதுக் கம்பிக்கு ஆள் அனுப்பியிருப்பீங்க," என்றார் கடைக்காரர், மாப்பிள்ளையை மெச்சித் தட்டிக்கொடுத்தபடி. "என்னமோ குதிரையைப் பழக்குறது கஷ்டம்னு புலம்புறீங்களே டாக்டரம்மா, அவன் எவ்வளவு சுலபமா உங்களைப் பழக்கி வெச்சிருக்கான் பாருங்க!"