சுருங்கிப்போன முட்டை

இனி என் முட்டையை நானே சமைப்பது என்று தீர்மானித்தேன். ஓர் ஆண்பிள்ளை இப்படி ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டுமென்றால் காரணம் வலுவாக இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது.

நான் கீரனூரிலிருந்து திருச்சி போகும் தடத்தில் டிக்கெட் செக்கர். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பஸ்ஸில் ஏறி நின்றால் போதும். டிக்கெட் வாங்காதவன் எச்சில் விழுங்குவது என் காதில் விழும். பத்து வருஷத்தில் இந்த ரத்தினவேலை ஏமாற்றி இறங்கிப் போனவன் ஒருவனும் இல்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் போச்சு. பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட ஆரம்பித்தன. ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் பாசஞ்சர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அப்படித் தள்ளும்போது ஒருநாள் நான் மயங்கி விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நேரே டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையே! காலையில பழைய சோத்தை விட்டுருங்க. ரெண்டு முட்டை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தினமும்."

வீட்டில் நாலு கோழி உண்டு. தினம் இரண்டு முட்டையாவது தேறும். வேலியோரம் முருங்கை மரம். என் மனைவி பொன்னுத்தாய் கீரையை வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, கிளறித் தட்டில் வைத்தாள். ஒரு வாரம் நன்றாகப் போனது. எட்டாம் நாள், கீரைக்குள் முட்டையைத் தேட வேண்டியதாயிற்று.

"பொன்னுத்தாயி, முட்டை எங்க?"

"கீரைக்குள்ளதான் இருக்கு. நல்லாப் பாருங்க."

"இதா ரெண்டு முட்டை?"

"கீரையோட சேந்தா முட்டை சுருங்குமுங்க."

"கீரைதானே சுருங்கும்?"

"அதப் பாத்து இதுவும் சுருங்கும்."

அம்மிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு முட்டையின் ஓடும் கிடந்தது. ஓடு இரண்டு, தட்டில் முட்டை ஒன்று. நடுவழியில் ஒரு முட்டை இறங்கிவிட்டது! மறுநாள் அடுப்படிக்குள் திடுதிப்பென்று நுழைந்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வாயத் தொடைக்கிற?"

"வேர்த்துச்சு."

"வாயிலயா?"

"ஒங்ககூடப் பேசிப் பேசித்தான்."

இதோடு அவள் கன்னத்திலும் புதிதாக ஒரு பளபளப்பு.

"அடுத்த வீட்டுப் போலீஸ் ஏட்டையா சம்சாரத்தப் பாரு. ஞானமணியக்கா! விடியுறதுக்கு முன்னாடியே அவுக வீட்ல அடுப்புப் பொகையுது. புருசன்னா அப்படிப் பாத்துக்கிறணும். நீயும் இருக்கியே!"

பொன்னுத்தாய் வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நான் அப்போதே செக் பண்ணியிருக்க வேண்டும்.

"என் மேல சந்தேகமா?" என்றாள்.

"சந்தேகம் என் தொழில்."

"அப்ப ஒங்க கையாலயே செஞ்சு சாப்பிடுங்க. எனக்கும் பழி வேணாம்."

"செய்வேன்!"

"எத்தனை நாளைக்கு?"

"உசுரு இருக்கிற மட்டும்!"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்தேன். முருங்கைக்கீரையை உருவிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு கைப்பிடி என்பது எவ்வளவு பெரியது என்று. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் இரண்டும் வீங்கின. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஈர்க்கு இல்லாம உருவுங்க. தொண்டையில குத்தும்."

"தூங்குறவ தூங்கு!"

"உப்புப் போட்டாச்சா?"

போடவில்லை. போட்டேன். ஒருவழியாக, சுருங்காத இரண்டு முட்டையைச் சட்டியில் கண்ணால் பார்த்தேன். பொன்னுத்தாய் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் ஒரு தட்டு.

"ஒனக்கு எதுக்குத் தட்டு?"

"நாளைக்கே, 'சட்டியில கொறையுது, நீதான் எடுத்துத் தின்னுட்ட'ம்பீங்க. என் பங்கை ஒங்க கையாலயே வச்சுட்டா அந்தச் சந்தேகமே வராதுல்ல?"

நியாயமாகப் பட்டது. வைத்தேன்.

இப்படியே இருபது நாள் ஓடியது. டாக்டர் மறுபடி இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் நல்லா ஊறியிருக்கு. இத விட்டுறாதீங்க" என்றார். வேலை தப்பியது. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். ஒரு மேட்டில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு எனக்கு ஒரு முட்டை, அவளுக்கு ஒரு முட்டை. இப்போதும் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அடுப்பு மட்டும் என் தலையில்!

உயிருள்ள மட்டும் என்று வாயை விட்டாயிற்று. வெட்கமாக இருந்தது. வெளியில் ஒருவருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் விடியலில் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கீரை ஒடிக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கிளை ஆடியது. கீரைத் திருடன்! வேலிக்குள் கையை விட்டு ஆளை எட்டிப் பிடித்தேன்.

"எடுறா டிக்கெட்ட!"

"யார்ரா அவன்? தூக்குறா கைய!"

இலையை விலக்கிப் பார்த்தால் ஏட்டு சவரியப்பன். கூட்டமே அஞ்சும் அந்த மீசையில் அடுப்புக் கரி. கையில் ஊதுகுழல்.

"ஏட்டையா, நீங்களா! அக்கா எங்க?"

"தூங்குது."

அவர் என் இடுப்புக் கரண்டியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒங்க வீட்லயும் முட்டை சுருங்கிருச்சா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்ல கார்த்திகையிலயே சுருங்கிருச்சு. அத விடுங்க. ஈர்க்கு இல்லாம உருவுங்க, தொண்டையில குத்துமாம்."